வெளியே உட்கார்ந்திருப்பவள்

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அவள் முதலில் தேடுவது உட்கார ஓர் இடத்தைத்தான். வாட்ச்மேனின் ஸ்டூல், செருப்பு விடும் படி, வேப்பமரத்தடியில் கிடக்கும் பழைய டயர் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும். துப்பட்டாவால் அதை ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருவாள். பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள்: "நீ உள்ள போடி. நான் இங்கதான் இருக்கேன்."

மூன்றாம் வருடம் நான் இன்டர்ன்ஷிப் தேடி அலைந்ததெல்லாம் இந்த ஒரு பேச்சின் தைரியத்தில்தான்.

எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஊர் நாமகிரிப்பேட்டை. அப்பாவுக்கு மஞ்சளும் மரவள்ளியும்தான் உலகம். அவள் சேலத்துக்காரி, சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பு. டவுன் பஸ் எது எங்கே எந்தச் சந்தில் திரும்பும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கோடை விடுமுறைக்குள் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் முடித்து சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பையன்களில் பாதிப் பேர் கம்பெனிப் பக்கமே தலை வைத்துப் படுக்காமல் சர்டிபிகேட்டை மட்டும் வாங்கிவிட்டார்கள். பணம் கட்டினால் அது மெயிலிலேயே வந்துவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கையில் கிரீஸ் படாமல் என்ன மெக்கானிக்கல் படிப்பு என்று ஒரு வீம்பு.

அப்பா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போறதுன்னா போ சாமி. ஆனா தனியா எங்கியும் போயி நிக்கக் கூடாது. கூட ஆளிருந்தா சரி."

அந்த ஆள் அவள். அவள் கூட வருகிறாள் என்றால் அப்பா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

அவள் உட்காருவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சேலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தோம். மேனேஜர் என் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லேடீஸ் எடுக்கறதில்லைம்மா. இங்க பாத்ரூம் வசதியெல்லாம் கெடையாது" என்று அனுப்பிவிட்டார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அவளும் வாட்ச்மேனும் ஒரே டப்பாவிலிருந்து தட்டுவடை தின்றுகொண்டிருக்கிறார்கள்.

"என்னவாம்?"

"பாத்ரூம் இல்லையாம்."

"இருக்குதே. இன்ஸ்பெக்‌ஷன்ல மூணு அக்கா வேலை பாக்கறாங்க. ஒரு அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அண்ணன்தான் சொன்னாரு."

அண்ணன் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் என்னைத் திரும்பவும் உள்ளே அனுப்பினாள். மேனேஜர் இரண்டாம் முறையும் முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை. இல்லாத பாத்ரூமைச் சொல்லிச் சொல்லி பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தோம். நிராகரிக்கப்பட்ட அன்றைக்கு அவ்வளவு சிரிக்க முடியும் என்பது இப்போது எனக்கு நம்ப முடியாததாக இருக்கிறது.

இன்னொரு நாள் மேட்டூர் வரை ஒரு பெரிய கம்பெனிக்குப் போனோம். அங்கே எல்லாம் கல்லூரி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பித்திருக்க வேண்டுமாம். கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். "வந்ததுக்கு மீனாவது தின்னுட்டுப் போலாம்" என்று அணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மீன் வறுத்துக் கொடுத்த அக்காவின் பெரிய மகன் என்ன படிக்கிறான், சின்னவனுக்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்பதெல்லாம் மீன் வேகும் நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டும் என்றில்லை. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஆள்தான் வளர்த்தி, நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு அவனும் இவளைத்தான் துணைக்குக் கூப்பிட்டான். இவளும் போய் வெளியே அடுக்கியிருந்த மரப்பலகை மேல் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவனுக்கு இடம் கிடைத்தது. இப்படி ஒவ்வொருவராகக் கரையேறிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் எங்கும் அமையவில்லை. அமையவில்லை என்ன, அவள் கேட்கவே இல்லை.

"உனக்குடி?"

"எனக்கென்ன, பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' எனக்கு அப்போது பெருந்தன்மையாகத் தெரிந்தது. கொஞ்சம் சோம்பல் என்றும் நினைத்தேன்.

எனக்கு இடம் கிடைத்த கதையை இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவதைப் பார்த்து அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கேட்டுல போயி நின்னா ஆரு மதிப்பாங்க? ஊட்டுக்குப் போயிக் கேட்டாத்தான் மரியாதை" என்றார். மஞ்சள் மண்டியில் அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகத் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனிக்காரரைப் பிடித்தார். போர்வெல் போடும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிப் பொருத்திக் கொடுப்பவர். மண்டிக்காரர் அன்று காலைதான் அவருக்குப் போன் செய்திருக்கிறார். பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஒரு நல்ல விஷயமாக வருகிறார்கள் என்பதோடு வைத்துவிட்டார்.

அப்பா காலண்டரில் நல்ல நாள் பார்த்திருந்தார். வெள்ளை வேட்டி, ஒரு சீப்பு பழம், எங்கள் காட்டு மஞ்சள் ஒரு பை. பெரிய மனிதர் வீட்டுக்குச் சுடிதாரில் போகக் கூடாது என்று அம்மா எனக்குப் புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துவிட்டாள். அவளும் கூட வந்தாள். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் கையில் பழமும் மஞ்சளுமாக இறங்கியபோது எப்படித் தெரிந்திருப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதையில்லை. முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு மழையைப் பேச வேண்டும், கிணற்றுத் தண்ணீரைப் பேச வேண்டும். வந்தவர்களை என்ன காரியம் என்று உடனே கேட்பதும் மரியாதையில்லை. ஆகவே அப்பாவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இரண்டு தரப்பும் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அந்த வீட்டுப் பையன் இஸ்திரி போட்ட சட்டையும் ஈரத் தலையுமாக வந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். ட்ரெய்னிங் கொடுப்பவர் போலிருக்கிறது என்று நான் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றேன். அவன் வந்த வழியே உள்ளே போய்விட்டான்.

அவள் வழக்கம்போலக் கூடத்துக்கு வரவில்லை. பின்பக்கம் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அந்த வீட்டு அம்மாவுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே நெய்யில் முந்திரி வறுபட்டு, கேசரி கிளறும் வாசனை வந்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டதாம். இன்டர்ன்ஷிப் கேட்டு வந்தவர்களுக்கு எவரும் முந்திரி போட்டுக் கேசரி கிண்ட மாட்டார்கள் என்று பிறகு சொன்னாள். பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா, "உங்க புள்ள நல்லா களையா இருக்குது கண்ணு, சமையலெல்லாம் வருமா?" என்று கேட்டதில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், ஐயோ நாங்கள் அதற்கு வரவில்லை என்று போட்டு உடைத்திருப்பேன். இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவாகியிருக்கும், எனக்கு ரிக் கம்பெனியும் போயிருக்கும். அவள் பேச்சை வளர்த்தாள். பேச்சோடு பேச்சாக அந்த அம்மா தங்கள் குலதெய்வக் கோயில் பேரைச் சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்தது. போன வருடம் எங்களோடு அதே கோயில் பொங்கலுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டவள் அவள். ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல அப்பாவிடம் கேட்டாள்:

"அப்பா, நாம எந்தக் கூட்டம்னு உள்ள அம்மா கேக்கறாங்க."

ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் ஒரே கூட்டத்தார் எங்களில் பங்காளிகள். பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. பெண் கொடுத்து எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அவள் எங்கள் சாதியும் இல்லை, உறவும் இல்லை. அந்த 'நாம' எங்கிருந்து வந்ததோ. அப்பா சொன்னார். ரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, நாங்களும் அதானுங்க."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ரிக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பப் பங்காளியாப் போச்சுங்க. ஏனுங்க, நீங்க என்ன காரியமா வந்தீங்க?"

"புள்ளைக்கு இன்டன்சிப்புங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் கலங்காமல்.

"அவ்வளவுதானுங்களா? நம்மூட்டுப் புள்ளைங்க. திங்கக்கெழமையே வரச் சொல்லுங்க. அந்தப் புள்ளையும் கூட வரட்டும்."

அவள் கதவோரம் நின்றபடி, "எனக்கு வேற எடத்துல சொல்லிட்டாங்கப்பா" என்றாள். முழுப் பொய். நான் முறைத்தேன். அவள் கேசரித் தட்டை என் கையில் கொடுத்தாள். எதற்காக அந்தக் கேசரி கிண்டினார்கள் என்பது அப்பாவுக்கும் எனக்கும் பஸ் ஏறிய பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது.

"ஏன்டி வேண்டாம்னு சொன்ன?"

"அது உனக்கு அமைஞ்சதுடி" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரிக் பட்டறைக்கு முதல் நாள் அவளும் வந்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரம், அதன் கீழே டயர். ரிக்காரரே வந்து, "உள்ள வந்து உக்காரு சாமி, வெயிலடிக்குது" என்று கூப்பிட்டும் வரவில்லை. மதியம் கை முழுக்க எண்ணெயும் காதில் கம்ப்ரசர் இரைச்சலுமாக நான் வெளியே ஓடிவந்து, இன்றைக்கு ஹோஸ் பொருத்தினேன் என்று கத்தினேன். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தனக்கே நடந்ததுபோல அவள் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் கழித்து, "இனி நானே வந்துக்குவேன்டி" என்றேன். சரி என்று சிரித்தாள். அதன் பிறகு தினமும் சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் கேட்பாள். வெல்டர் அண்ணனுக்குக் கண்வலி குறைந்ததா, பெயிண்டர் இன்றைக்காவது சிரித்தாரா என்றெல்லாம். பார்க்காத மனிதர்களை என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தாள்.

விடுமுறை பாதி கரைந்துவிட்டது. அவளுக்கு இன்னும் எதுவும் இல்லை. சர்டிபிகேட் இல்லாமல் கடைசி வருடத்தில் உட்கார விட மாட்டோம் என்று துறைத் தலைவர் அவள் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். அந்தச் சமயத்தில் பூனாக் கம்பெனி ஒன்று இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கச் சேலத்துக்கு வந்தது. ஜங்ஷன் பக்கத்தில் ஓர் ஓட்டலில் நேர்காணல். அவள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

"நீ கூட வாரியாடி?" என்று போனில் கேட்டாள். அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. பட்டறையில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஓடினேன்.

ஓட்டல் மாடியில் நீளமான பெஞ்சு. இருவரும் உட்கார்ந்தோம். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேப்பாங்கல்ல."

"கேப்பாங்க. அதுக்கு?"

"மத்தவங்களப் பத்தின்னா நாள் பூரா பேசுவேன்டி. என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? உள்ள போனா அவங்களுக்கே தெரிஞ்சிரும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை ஸ்டூல்களும் படிகளும் டயர்களும் அவளுக்கு ஒளிய இடங்கள். துணைக்கு வந்தவளை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்களையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு அவள் வாசலோடு நின்றது பெருந்தன்மை மட்டுமில்லை, பயமும்தான். அவளுக்குச் சொல்லித் தர என்னிடம் ஒன்றுமில்லை, அவள் எனக்குச் சொன்னதைத் தவிர.

"நீ உள்ள போடி" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன்."

பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவளைப்போல உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. ஃபேனைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன். வெளியே உட்காருவது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. அவள் வெகு நேரம் கழித்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"யார் யார் கூட எங்கெங்க போனேன்னு சொல்லிட்டே இருந்தேன்டி. மேட்டூரு, அந்தக் கேசரி, எல்லாத்தையும். 'இதெல்லாம் மத்தவங்க கதையா இருக்கே, உங்க கதை எங்க'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இதான் சார் என் கதைன்னேன்."

எடுத்துக்கொண்டார்கள்.

அவளை ரயிலேற்றிவிட அப்பாவும் என்னோடு சேலம் ஜங்ஷனுக்கு வந்திருந்தார். அவளுக்கு என்று ஒரு பை நிறைய முறுக்கும் எள்ளுருண்டையும் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் அப்பா ரயில்வேக்காரர் ஆனதால் பெட்டி எங்கே நிற்கும் என்று சரியாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அவருக்கு அன்று டியூட்டி, கூடப் போக முடியாது. எங்கள் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அவ்வளவு தூரத்துக்கு ஒரு பெண் தனியாகப் போவது அவர் கணக்கில் அடங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"சாமி, நான் வேணாப் பூனா வரைக்கும் கூட வரட்டா?"

டிக்கெட்டும் இல்லை, மாற்று வேட்டியும் இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "எல்லாருக்கும் நான் போனேன், எனக்கு நீங்க வாரேன்னு சொன்னீங்களே, அது போதும்ப்பா" என்றாள். வண்டி நகர்ந்தது.

அவள் திரும்பி வந்து கடைசி வருடத்தை முடித்தாள்தான். ஆனால் அந்தக் கம்பெனியே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பரீட்சை முடிந்த கையோடு பூனாவுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இப்போது அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. புதிதாக வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் அவள்தானாம். கேட்கும்போது பெருமையாக இருக்கிறது. நான் ஓசூரில் இருக்கிறேன். பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்கிறோம். அவள் அப்பாவும் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டதால் சேலத்துக்கு அவள் வருவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவள்மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஏக்கம்தான் இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் எனக்கு ஒரு பெரிய பதவிக்கு நேர்காணல். எத்தனையோ அறைகளுக்குள் தனியாகவே போய்ப் பழகியவள்தான் நான். ஆனால் அன்றைக்குக் கதவுக்கு முன்னால் ஏனோ கால் எழவில்லை. போனை எடுத்து அவளுக்கு அனுப்பினேன்: "உள்ள போறேன்டி."

பதில் இல்லை. கூப்பிட்டார்கள், போனேன். நன்றாகத்தான் செய்தேன். வெளியே வந்து பார்த்தபோதும் பதில் இல்லை. சாயங்காலம் வந்தது: "சாரிடி. காலையில இருந்து மீட்டிங், ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஆச்சா?"

அவள் இப்போது எப்போதும் உள்ளே இருக்கிறாள். உள்ளே அனுப்பியவள் நான்தான். இன்னொரு முறை அந்த பெஞ்சில் அவளோடு உட்கார நேர்ந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அன்று நேர்காணல் முடிந்ததும் நான் உடனே கிளம்பவில்லை. அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எல்லாம் காலி. ஒன்றைத் துப்பட்டாவால் ஒரு தட்டு தட்டிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன்.